எட்டுக் குழு போதும்

காளியண்ணன் வாயிலிருந்து, "சேத்துக்கலாம்லா, என்னா இப்ப" என்று வந்ததும், விமலா குடித்துக்கொண்டிருந்த தே தாரே டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? போன மாதம்வரை, "எட்டுக் குழுவ வச்சு ஓட்டுறதுக்கே நாக்குத் தள்ளுது, இதுல இன்னும் ரெண்டா?" என்று கத்திக்கொண்டிருந்த மனுஷன் இவர். ஒரு மாதத்தில் ஒருத்தருக்குச் சர்க்கரை ஏறலாம், கண்ணாடிப் பவர் ஏறலாம், புத்தி இப்படிக் குட்டிக்கரணம் போடுமா?

விஷயம் இதுதான். பந்தாய் லீக்கில் மொத்தம் எட்டுக் கால்பந்துக் குழுக்கள். பாகான் நக்கோடா ஓமார், சுங்கை செம்பிலாங் மாதிரிக் கடலோர ஊர்களும், உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களும் சேர்ந்து நடத்துவது. ஒரு காலத்தில் திருவிழாக் கோப்பைக்கு ஆடினவர்கள்தான். இப்போது ஒப்பந்தம், சம்பளம், திடலுக்கு விளக்கு, யூடியூபில் நேரலை என்று முறையான தொழில்முறை லீக் ஆகிவிட்டது. அதில் அடுத்த சீசனுக்கு ராவாங், அம்பாங் பெச்சா என்று இரண்டு புதுக் குழுக்களைச் சேர்க்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. குழுவுக்கு ஓர் ஓட்டு. மற்ற ஏழு பேரும் தங்கள் முடிவை வெளியே சொல்லியாயிற்று. நாலு பேர் சேர்க்கலாம், மூன்று பேர் கூடாது. ஓட்டு சரிசமமாக நின்றுவிட்டால் பழைய எட்டே தொடரும் என்பது லீக் சட்டம். ஆக, புக்கிட் செராய் தோட்டத்துக் குழு எந்தப் பக்கம் தலையாட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் முடிவு.

அந்தக் குழுவுக்குத் தலைவர், தோட்டத்தில் ஆள் மேய்த்த பழைய மண்டோர் காளியண்ணன். மேனேஜர் விமலா.

விமலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவளுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, குலை லோரிகள் ஏறி நிற்கும் எடை மேடையில். குலைக்கு அடியில் மணலைக் கொட்டிக்கொண்டு வருகிறவன், தார்ப்பாயில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு வருகிறவன், எடை போடும் நேரம் பார்த்து இரண்டு ஆளைப் பின்னால் படுக்க வைக்கிறவன் என்று எல்லா ரகத் திருட்டும் பார்த்த கண் அது. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், இவன் ஏன் தானாகக் காட்டுகிறான் என்று அதற்கும் சந்தேகப்படுவாள். எதிரணியில் ஒருவன் அண்ணனுடைய ஐ.சி. அடையாள அட்டையைக் காட்டி ஆட வந்ததைக் காது மடலைப் பார்த்தே பிடித்தவள். லீக் முழுக்க அவளுக்கு 'சிஐடி அக்கா' என்றுதான் பேர்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்ததில்லை. புருஷன் சுகுமாறன் கொடுத்துவிட்டுப் போனது. மகன் நடக்கப் பழகின சமயத்தில், ஜொகூரில் நல்ல வேலை என்று கிளம்பினான். கொஞ்ச காலம் வந்து போனான், அப்புறம் போன் மட்டும் வந்தது. "வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று இவள் வாய்விட்டே கேட்டாள். "சீ, என்னா பேச்சு பேசுற" என்று சிரித்தான். அப்போதே அங்கே அவனுக்கு ஒரு பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தது ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஒரு பாடம் படித்துக்கொண்டாள். கேட்டால் பொய்தான் வரும், கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் உண்மை தானாக வந்து விழும். அந்தப் பாடத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அதன்படிதான் நடந்தாள்.

மகன் பேர் சரண். ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே நாலு பையன்களோடு வாடகை வீடு. தோட்டத்துக் குழுவுக்கு அவன்தான் கோல்கீப்பர். சனிக்கிழமை காலையில் காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். பயிற்சி, அம்மா கையால் சோறு, ஒரு தூக்கம், மறுநாள் ஆட்டம், அழுக்கு ஜெர்சியை அம்மா வாளியில் போட்டுவிட்டுப் போவான். குழுவில் அவனைப்போல ராவாங்கிலிருந்து வருகிற பையன்கள் இன்னும் அஞ்சாறு பேர். ராவாங்குக்கென்று சொந்தமாக ஒரு குழு வந்துவிட்டால், பக்கத்துத் தெருவில் இருக்கும் திடலை விட்டுவிட்டு எவன் இவ்வளவு தூரம் எண்ணெய் எரித்துக்கொண்டு வருவான்? கூட்டத்தில் விமலா சொன்ன காரணங்கள் ஆயிரம் இருக்கட்டும், அவள் மனசில் இருந்தது இந்த ஒன்றுதான். சனிக்கிழமை போய்விட்டால் பிள்ளையும் போய்விடுவான்.

அதனால்தான் காளியண்ணன் மாறிப் பேசினதும் அவள் கண் அவர்மேலேயே நின்றது. மனுஷன் அவளைப் பார்க்காமல் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணினவன்தான் தட்டைப் பார்ப்பான் என்று முடிவு கட்டினாள்.

அந்த வாரச் சனிக்கிழமையே இன்னொன்றும் காதில் விழுந்தது. சரண் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நெத்திலிச் சம்பலும் முருங்கைக்காய்க் குழம்பும், அவனுக்குப் பிடித்தது. போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் பையன் எச்சில் கையோடு எழுந்து வேலியோரம் போய்விட்டான். விமலா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு, கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறவளைப் போல மெல்லப் பின்னாலேயே போனாள்.

"ஆமா அண்ணே... இல்லலா, அம்மாவுக்குத் தெரியாது. இப்ப சொல்லாதீங்க. முடிஞ்சதும் நானே சொல்றேன்."

செடிக்கு ஊற்றின தண்ணீர் செடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "யாருடா போன்ல?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதுதான் பாடம் படித்தவளாயிற்றே.

"இன்னுங்கொஞ்சம் சோறு போட்டுக்கடா" என்று மட்டும் சொன்னாள்.

மறு வாரம் பாசாரில் காளியண்ணன் வீட்டுக்காரம்மா கீரை பொறுக்கிக்கொண்டே குறைபட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம ராவாங் போறேங்குறாரு விமலா. எதுக்குன்னு கேட்டா, ஒரு சோலிங்குறாரு. முட்டி வலின்னு கோயிலுக்குக்கூட வராத மனுஷனுக்கு ராவாங்குல என்னா சோலி?"

விமலாவுக்குக் காது இரண்டும் விடைத்துக்கொண்டன. அந்த ஞாயிறு ஆட்டமும் இல்லை. ஜெர்சி தைக்கக் கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, பழைய கஞ்சில் காடியை எடுத்துக்கொண்டு ராவாங்குக்கு ஓட்டினாள். தனக்கே பொய் சொல்லிக்கொள்கிறவள் ஊரைச் சந்தேகப்படுகிறாள் பாருங்கள்!

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு எதிரே ஒரு செண்டோல் ஐஸ் வண்டி. அந்தக் குடை நிழலில் தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காளியண்ணன். எதிரே லிங்கேஸ்வரன், ராவாங்கில் ஏர்கோன் கடை வைத்திருப்பவன், புதுக் குழுவைக் கொண்டுவந்தே தீருவேன் என்று லீக் அலுவலகத்துப் படியைத் தேய்த்துக்கொண்டிருப்பவன். இதுவரைக்கும் அவள் எதிர்பார்த்ததுதான். மூன்றாவது ஆள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. சரண்!

லிங்கேஸ்வரன் ஏதோ சொன்னான். காளியண்ணன் சரணின் தோளைத் தட்டினார். லிங்கேஸ்வரன் கையை நீட்ட, சரண் எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். பையன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவள் வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"பாவி! எம்புள்ளைய வித்துட்டான்!" என்று விமலா வாய்விட்டே சொல்லிவிட்டாள். செண்டோல்காரர் தமக்குத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார்.

அப்போதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. 'என்னா அண்ணே நடக்குது இங்க?' என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை. போகவில்லை. உள்ளே போனால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பொய்யைக் கட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி வந்து காடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காளியண்ணனை வைதுகொண்டே ஓட்டினாள்.

கமிட்டி கூடியது அடுத்த சனிக்கிழமை, பயிற்சிக்கு முன்னால், திடலோரத்துக் கொட்டகையில். ஆறு பேர் கமிட்டி. விமலா முதல் ஆளாக எழுந்துகொண்டாள்.

"எட்டு இருக்கும்போதே கடைசில கெடக்குற குழு ஒம்போது கோல், பத்து கோல் வாங்குது. இன்னும் ரெண்டு சேத்தா அது பந்தாட்டமா இருக்காது, பச்சடியா இருக்கும். நம்ப பையனுங்க ஷிப்டு முடிச்சு, கண்ணு எரிய எரிய வந்து ஆடுறானுங்க. ஆட்டத்தக் கூட்டுனா முட்டி எவனுக்கு மிஞ்சும்? இருக்குற ஸ்பான்சரப் பத்தாக் கிழிச்சா ஆளுக்குக் கோவணந்தான் மிஞ்சும்."

பயிற்சியாளர் செல்வா இளவட்டம். அவன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, எங்கிட்ட ஒரு டீமே பெஞ்சில உக்காந்திருக்கு. வயசு போயிக்கிட்டே இருக்கு, ஒரு கேமும் கெடைக்கல. லீக்ல எடம் கூடுனாதானே அவனுங்க காலு பந்தத் தொடும்? சான்ஸே குடுக்காம ஸ்டாண்டர்ட் இல்லன்னா எப்படி அக்கா?"

காளியண்ணன் தொண்டையைச் செருமினார். "விமலா, நாம இந்த லீக்குல சேர்றப்ப, தோட்டத்தானுங்க வந்தா ஆட்டம் கெட்டுப்போவும்னு சொன்னவனும் இருந்தான். கதவத் தொறங்கடான்னு கத்துனோம். தொறந்தாங்க. இப்ப நாம உள்ள வந்து உக்காந்துகிட்டு கதவச் சாத்துறோமே, இது நாயமாம்மா?"

நியாயமான பேச்சுதான். அது விமலாவுக்கும் உறைத்தது. ஆனால் வாழையிலைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அந்தக் கைகுலுக்கல் கண்ணை விட்டுப் போனால்தானே! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது, அழட்டும் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

கை தூக்கச் சொன்னார்கள். மூன்றுக்கு மூன்று. வேறு ஊராக இருந்தால் தலைவர் தன் ஓட்டை இன்னொரு தரம் போட்டு முடித்துவிடுவார். புக்கிட் செராயில் அந்தப் பழக்கம் கிடையாது. இந்தக் குழுவே முனியாண்டி கோயில் திருவிழாவுக்காகப் பந்தாட ஆரம்பித்தது. தோட்டத்தில் எது சரிபாதியாக நின்றாலும், கல்யாணமோ, நிலமோ, கோயில் தலைவர் தேர்தலோ, முனியாண்டி ஐயாவிடம் பூக்கட்டிப் பார்த்துவிடுவார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, ஐயா காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றும் அறியாத சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. எடுத்ததைப் பிரித்துப் பார்ப்பார்கள். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் சாமி வாக்கைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

"சிவப்பு வந்தா சேத்துக்குறது, வெள்ளை வந்தா வேணாம்னு ஓட்டு. இன்னைக்கிச் சாயங்காலப் பூசையிலயே கேட்டுருவோம்" என்றார் காளியண்ணன். "பொட்டலம் கட்டுறது யாரு?"

செல்வா சிரித்தான். "வேற யாரு, சிஐடி அக்காதான். அவங்கள மிஞ்சி யாரும் ஏமாத்த முடியாது, அவங்களும் ஏமாத்த மாட்டாங்க."

"அதான் சரி" என்று காளியண்ணனே முதலில் தலையாட்டினார். ஒருவரும் மறுக்கவில்லை. வேண்டாம் என்று கத்தினவள் கையிலேயே பொட்டலத்தைக் கொடுக்கிறோமே என்று மற்ற அஞ்சு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி காரியத்தில் அப்படி நினைக்கிற வழக்கமே அந்தத் தோட்டத்தில் இல்லை. அவளுக்கு ஒருவர்கூடத் துணைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து வாழையிலையை வாட்டினாள். அரளியும் நந்தியாவட்டையும் முறத்தில் இருந்தன. முதல் இலையில் வெள்ளையை வைத்து மடித்தாள். இரண்டாவது இலையில் சிவப்பை வைத்தாள். கை நின்றுவிட்டது.

அவளுக்கு ஊரில் எல்லார் மேலும் சந்தேகம் உண்டு. அந்த நிமிஷத்தில் ஐயாமேலும் வந்துவிட்டது. 'ஐயா, ஒன் மனசு எந்தப் பக்கம்னு எனக்கெப்படித் தெரியும்? நான் கேட்டு நீ என்னைக்கி எனக்கு நல்லது சொன்ன? அந்த மனுஷன் போனப்பவும் ஒன்கிட்டதானே விழுந்து கெடந்தேன். அவனுங்க திருட்டுத்தனமா எம்புள்ளைய இழுக்குறானுங்க. திருடன்கிட்ட நேர்மையா நின்னு நான் தோக்கணுமா?' என்று மனசுக்குள் சண்டை போட்டாள். சிவப்பை எடுத்து முறத்தில் போட்டாள். இரண்டாவது இலையிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள். மிச்சமிருந்த அரளியைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சாயங்காலம் கோயிலில் குழு முழுக்க நின்றது. பயிற்சி முடிந்து குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு பையன்கள். பூசாரி முருகையா தீபாராதனை காட்டி முடித்து, பொட்டலங்களைத் தாம்பாளத்தில் குலுக்கி ஐயா காலடியில் போட்டார். அவருடைய பேத்தி விஷாலினி, நாலு வயசுக் குழந்தை, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனது.

விமலாவின் கண் மகன்மேல் இருந்தது. அவன் கண்ணை இறுக மூடி, கையைக் குவித்து, உதடு அசைய நின்றான். லீக்கில் இன்னொரு குழு வருவதற்கா இத்தனை உருக்கம்? ராவாங் மேல் அவ்வளவு ஆசையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தை ஒன்றை எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தது. முருகையா பிரித்தார். வெள்ளை.

"ஐயா சொல்லிட்டாரு" என்றார் முருகையா. காளியண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரண் கண்ணைத் திறந்து அந்தப் பூவையே பார்த்தான். பிறகு யாருக்கோ பதில் சொல்கிறவனைப் போல மெல்லத் தலையாட்டினான். இன்னொரு பொட்டலம் பிரிக்கப்படாமலே ஆற்றோடு போனது. விமலாவுக்கு முதுகில் வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

கோலசிலாங்கூரில் லீக் கூட்டம் நடந்தது. நாலுக்கு நாலு. சேர்க்கை இல்லை, எட்டே தொடரும் என்று செயலாளர் அறிவித்தார். விமலா நிமிர்ந்து உட்கார்ந்து, லிங்கேஸ்வரன் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாள். அவன் எழுந்து நேராக அவளிடமே வந்துவிட்டான்.

"அக்கா, வருத்தமில்ல. சாமி சொல்லிருச்சுன்னு காளியண்ணன் மாமா சொன்னாரு. ஆனா சரண் தம்பிய நெனச்சாத்தான்..."

"எம்மவனப் பத்தி நீங்க ஒன்னும் நெனைக்க வேணாம். அதுக்கு நான் இருக்கேன்" என்று வெட்டிவிட்டாள். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. காளியண்ணன் வாசலில் நின்று இருவரையும் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் படியிறங்கினார். தோற்றவனுக்கு வாயேது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் பெரிய இறாலாகப் பார்த்து வாங்கினாள். சனிக்கிழமை பிள்ளை வருவானே!

வந்தான். இறால் பிரட்டலை வழித்து வழித்துச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்தவன் போனைக்கூட எடுக்காமல் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, ஒன்னு சொல்லணும். கத்தக் கூடாது."

'வந்துட்டான் வழிக்கு' என்று விமலா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எங்க பேக்டரிய ஜொகூருக்கு மாத்துறாங்க. பாசீர் கூடாங். வர்றவனுக்கு அங்க வேலை, வராதவனுக்கு இல்ல. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு. ஒங்கிட்டதான் சொல்லல. ஜொகூர்னாலே ஒனக்கு எப்படி இருக்கும்னு தெரியாதா?"

அவளுக்குக் காதுக்குள் குலை லோரி ஏறின மாதிரி ஒரு இரைச்சல்.

"ஒன்ன விட்டுட்டுப் போவ எனக்கு இஷ்டமில்லம்மா. காளியண்ணன் மாமாகிட்ட அழுதேன். அவருதான் முட்டி வலியோட ராவாங்குக்கு அலைஞ்சு லிங்கேஸ் அண்ணன்கிட்டப் பேசினாரு. ராவாங் டீம் வந்தா எனக்கு அங்க கோல்கீப்பர் காண்ட்ராக்ட், சின்னப் பசங்களுக்குக் கோச்சிங்கும் குடுக்குறேன்னாரு. முழுச் சம்பளம். பேக்டரிய விட்டுட்டு நான் இந்த வீட்டுக்கே வந்துறலாம்னு இருந்தேன். தினமும் இங்கேருந்தே போயிட்டு வந்துருப்பேன். எனக்காகத்தான் மாமா பேச்சயே மாத்தினாரு, பாவம்."

"அத ஏண்டா எங்கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"சொன்னா நீ மாமாவயும் சந்தேகப்படுவ, லிங்கேஸ் அண்ணனயும் சந்தேகப்படுவ. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். போவவா இருக்கவான்னு எனக்கே தெரியாம தூக்கமில்லாமக் கெடந்தேன். அன்னைக்கிக் கோயில்ல நானும் மனசுல வச்சுக்கிட்டேம்மா. சிவப்பு வந்தா ஒங்கூட இருக்கேன், வெள்ளை வந்தா ஜொகூருக்குப் போறேன்னு. ஐயா வெள்ளையக் குடுத்துட்டாரு." அவன் சிரிக்கப் பார்த்தான். "திங்கக்கெழம கையெழுத்துப் போடுறேன்."

ஐயோ என்று வாய்விட்டு அலறியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மகனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், போவாதடா. அது ஐயா சொன்னதில்ல. நான் செஞ்சது."

"என்னாம்மா?"

"ரெண்டுலயும் வெள்ளைதான்டா வச்சேன். செவப்பே வைக்கல. எதத் தொட்டாலும் வெள்ளைதான் வந்துருக்கும். ஒன்ன ராவாங்குக்காரன் இழுத்துருவான்னு பயந்து, நான்தான்டா வச்சேன். இப்பவே வா, காளியண்ணங்கிட்டப் போவோம். ஊரக் கூட்டிச் சொல்றேன். லீக்குல போயி, எங்க ஓட்டு தப்புன்னு சொல்றேன்."

சரண் அவளையே பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் இல்லை. அவன் அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நான் போறது ஒனக்கு அவ்ளோ கஷ்டமா இருக்காம்மா? இப்படியெல்லாமா சொல்லுவ?"

"நெசமாத்தான்டா சொல்றேன்!"

"நீ யார வேணும்னாலும் சந்தேகப்படுவ. ஆனா ஒரு குலைய எடுத்துப் பக்கத்து லோரில போட்டவ இல்ல. சாமி காரியத்துலயா திருட்டுத்தனம் பண்ணப்போற? தோட்டமே ஒன்ன நம்பித்தானே பொட்டலத்தக் குடுத்துச்சு? நீ கட்டினதுன்னுதாம்மா நானும் அந்தப் பூவுக்கு மனசக் குடுத்தேன். வேற யாராச்சும் கட்டிருந்தா ஒரு நிமிசமாவது யோசிச்சிருப்பேன்."

"சரண், கேளுடா..."

"அப்பா மாதிரி இல்லம்மா நான். நீ என்னை நம்பு."

விமலா கையை உருவிக்கொண்டு எழுந்தாள். மகன் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஒந்தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்டா. ரெண்டுமே வெள்ளை..."

அவள் முடிப்பதற்குள் அவன் பதறிப்போய் அந்தக் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டான்.

"வேணாம்மா. பொய்ச் சத்தியம் பண்ணாத. நான் தூரமா போறவன், எனக்கு ஆவாது."